மூன்று கெமறாக்களின் நேரம்

சாய்ந்தமருது கடற்கரையில் நடந்த நீச்சல் போட்டியை ஹிஷாம் மூன்று கெமறாக்களில் படம் பிடித்திருந்தான். ஒன்று அவன் கையில் இருந்தது. ஒன்று மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தது. சிறியது ஒன்றை, நீந்துபவர்களைக் காப்பாற்ற நிறுத்திய காவல் படகில் கட்டியிருந்தான். அந்தப் போட்டியில் நீந்திய ஸிராஜ்தான் கடலில் மூழ்கி மவுத்தானான்.

போட்டியை நடத்திய கழகத்தின் தலைவர் மீராசா, ஸிராஜ் கையைத் தூக்கிய உடனேயே காவல் படகு போனதாகப் பொலிஸில் சொல்லியிருந்தார். கரையில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பதற்றத்தில் யாரும் மணிக்கூடு பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மீராசா ஹிஷாமின் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"ஸிராஜிட நினைவா ஒரு வீடியோ செய்வம் தம்பி. அவன் கை தூக்குறதப் போட்டா, அடுத்ததா போட் போறதப் போடுங்க. நடுவுல ஒண்டும் வேணாம்."

"பாத்துச் செய்றன் காக்கா" என்றான் ஹிஷாம்.

மூன்று பதிவுகளையும் கணினியில் திறந்தான். கெமறாக்களின் நேரம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. படகுக் கெமறா போன வருடத் திகதியைக் காட்டியது. சத்தத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். போட்டி தொடங்க ஊதிய விசில் மூன்றிலும் பதிந்திருந்தது. மூன்று விசில்களும் ஒரே விசிலாகக் கேட்கும்வரை பதிவுகளை நகர்த்தினான். அதன்பிறகு ஒரே விநாடியில் மூன்று இடங்களிலும் நடந்தது திரையில் ஒன்றாய்த் தெரிந்தது.

ஸிராஜின் கை ஹிஷாம் பிடித்திருந்த கெமறாவிலேயே இருந்தது, வலது ஓரத்தில். இரண்டு தரம் மேலே வந்தது. மூன்றாம் தரம் வரும்போது படம் கடலை விட்டு மேடைக்குத் திரும்பியது. பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்தும் நேரம் அது. அப்படித் திருப்பியது ஹிஷாமுக்கு நினைவிருந்தது. கையையும் அவன் கண்டிருந்தான்.

அதே நேரம் காவல் படகு கரையில் நின்றது. அதிதிகளின் பிள்ளைகள் அதில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸிராஜ் முதல் தரம் கை தூக்கியதிலிருந்து படகு புறப்படும்வரை ஒன்பது நிமிடம் பதினேழு விநாடி. பொருத்தியதையெல்லாம் கலைத்துவிட்டு மறுபடி பொருத்தினான். ஒரு விநாடிகூட மாறவில்லை.

மீராசா சொன்னபடி வெட்டினால் அவன் கெமறாவைத் திருப்பிய காட்சியும் அதோடு போய்விடும்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு மடிக்கணினியோடு ஸிராஜின் வீட்டுக்குப் போனான். ஸிராஜின் மனைவி சபூறா, கணவனை இழந்தவள் பிற ஆண்கள் முன் வராதிருக்கும் இத்தாவில் இருந்தாள். ஸிராஜின் தாய் ஆசியா உம்மா கணினியை வாங்கித் திரைச்சீலைக்கு உள்ளே கொண்டுபோனார். ஹிஷாம் வெளியே கதிரையில் இருந்தான். விசில் கேட்டது. ஒலிபெருக்கியில் அதிதியை வாழ்த்துவது கேட்டது. பிறகு நெடுநேரம் அலைச்சத்தம் மட்டும்.

"மேடைக்குத் திரும்பின கெமறா ஆர்ட கையில இருந்த?" சபூறாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"என்ட கையில."

"அவர் கை தூக்கினதக் கண்டீங்களா?"

"ஓம். விளையாடுறார் எண்டு நெனச்சன்."

உள்ளே ஆசியா உம்மா அழத் தொடங்கினார். சபூறா அழவில்லை.

"பொலிசில குடுங்க" என்றாள். "நீங்க கெமறாவத் திருப்பினதையும் வெட்டாமக் குடுங்க."

"அப்படியே குடுக்கன்."

அன்றே கொடுத்தான். வாக்குமூலத்தில் தான் கண்டதையும் சொன்னான். மீராசாவையும் படகோட்டியையும் பொலிஸார் பிடித்துப் பிறகு பிணையில் விட்டார்கள். ஊரில் சிலர் ஹிஷாமுக்கு ஸலாம் சொல்வதை நிறுத்தினார்கள். வீடியோ எடுக்க அவனைப் பேசிவைத்திருந்த நான்கு கல்யாண வீட்டாரும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான்.

இத்தா முடிந்து சில வாரங்களில், கல்முனைச் சந்தையில் சபூறா அவனைக் கண்டு நின்றாள்.

"வழக்கத் திரும்பவும் தவணை போட்டுத் தள்ளிட்டாங்களாம். அடுத்த மாசம் சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்களாம்."

"வருவன்."

"உங்கள நான் இன்னும் மன்னிக்கல்ல."

"தெரியும்" என்றான் ஹிஷாம்.

அவள் மீன் கடைப் பக்கம் நடந்துபோனாள்.