உட்கருவுக்கு வெளியே

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவரின் உடம்பிலிருந்த மைட்டோகாண்ட்ரியா மொத்தமும் அவரை விட்டுப் போயின. வலி இல்லை, சத்தமும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கார்ந்து, சர்க்கரையைக் காற்றோடு சேர்த்து எரித்துத் தெம்பாக்கித் தரும் அந்தப் பொடி அடுப்புகளை எடுத்துக்கொண்டு போனவள் அவருடைய அம்மா.

சண்டை மாடி அறைக்காக. அவருக்கு அங்கே டியூஷன் நடத்த வேண்டும். அம்மா இருபத்தாறு வருடமாக அங்கேதான் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். பெற்றவளையே வெளியே தள்ளுகிறாயா என்று அவள் கேட்டதும் அவர் தொழில் புத்தியைக் காட்டினார். உட்கருவில் நாற்பத்தாறு குரோமோசோம், பாதி அவளுடையது, பாதி அப்பாவுடையது, வீடோ முழுக்க அப்பா கட்டியது, ஆகவே அவள் பேச்சுக்குப் பாதி மதிப்புதான் என்றார். உட்கருவோடு நிறுத்திக்கொண்டதுதான் அவர் செய்த தப்பு. அம்மா அதே ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்து ஓய்வு பெற்றவள். சுவரில் தொங்கிய செல் படத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தவளுக்கு, அதில் எது எங்கே இருக்கிறதென்று டீச்சரைவிட நன்றாகவே தெரியும்.

"உட்கருவுக்கு வெளிய கெடக்கறதெல்லாம் யாருடா குடுத்தது? உங்கப்பன் அதுல ஒரு துளிகூடப் போடல. என்னுத நான் எடுத்துட்டுப் போறேன்."

ஒரு துணிப்பையோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு சேலைக்கு அந்தப் பை ரொம்பக் கனத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை செய்முறை வகுப்பில், மூச்சுக்காற்று பட்டால் சுண்ணாம்பு நீர் பாலாக மாறும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட அவர் குழாயை வாயில் வைத்து ஊதினார். ஊதி ஊதிக் கன்னம் வலித்ததே தவிர நீர் தெளிவாகவே இருந்தது; அடுப்பு எரிந்தால்தானே மூச்சில் கரியமில வாயு வரும். கரைசல்கூடக் கலக்கத் தெரியாதவருக்கு இங்கே என்ன வேலை என்று டீச்சர் பிள்ளைகள் எதிரிலேயே கேட்டார். பிறகு டீச்சரே ஊதினார், நீர் வெளுத்தது. சாப்பாட்டு இடைவேளையில் உதவியாளர் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் ஏறும் பச்சைச் சாயத்தைச் சொட்டவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். சவ்வு இருந்தது, உட்கரு இருந்தது. பச்சை ஒரு புள்ளிகூட இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்து, கூட்டிவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

முன்பு முப்பது பங்கு தெம்பு தந்த குளுக்கோஸ் இப்போது இரண்டு பங்குதான் தந்தது. அதனால் பதினைந்து மடங்கு தின்றார். சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம். நாலு படி ஏறினால் தசையெல்லாம் அமிலமேறிப் புளித்துக் கால் கட்டையாகிவிடும். அவர் பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களிடம் இருந்தவை அவர்களுடைய அம்மாவின் வழியாக வந்தவை. மனைவிக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. அவர் பிள்ளைகளை அதட்ட வாயெடுத்தால், அண்டாவில் சோறு கிளறிக்கொண்டே, "என்னுதுங்ககிட்ட பாத்துப் பேசுங்க" என்பாள். அவர் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்வார்.

ஆறு மாதம் பொறுத்துத் தங்கை வீட்டுக்குப் போனார். எழுபத்திரண்டு வயது அம்மா, இரண்டு ஆள் தெம்போடு தண்ணீர்த் தொட்டியை ஒற்றைக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் குடும்மா. படி ஏற முடியல."

"ரூம காலி பண்றியா?"

படிக்குப் படி உட்கார்ந்து அவர் ஏறிப் போகும் அந்த அறைக்கு அப்போது நாற்பது டியூஷன் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப உங்கப்பன் குடுத்த பாதிய வச்சு ஓட்டு" என்று அவள் தொட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

பதினோரு வருடம் அப்படியே ஓடியது. அம்மா செத்த செய்தி வந்ததும் அவர் முதல் ஆளாகத் தங்கை வீட்டுக்குப் போய், மேலே ஏற முடியாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அடுப்புகள் திரும்பி வந்தால் உள்ளே போகட்டும் என்று வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அம்மா அங்கே வாங்கிப் போட்டிருந்த இரும்பு பீரோவைத் தோளில் வைத்துக்கொண்டு தங்கை மாடியிலிருந்து தனியாக இறங்கி வந்தாள். வியர்க்கக்கூட இல்லை. படியில் நின்றிருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அடுத்து கட்டிலையும் எடுத்துவிடு என்றார்கள்.

"நகருண்ணே" என்றாள்.

அவர் நகர்ந்தார். அதற்கே இரண்டு வாய் சர்க்கரை செலவானது.