நடந்து போகிற தூரம்

ஈப்போவில் யாரிடமும் தூரம் கேட்கக் கூடாது. "கிட்டதான் லா, அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அது மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். காலால் நடக்கிற கணக்கு அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இது தெரியாமல்தான் தினேஸ்வரி ஒரு வாரமாக வாடகைக்கு வீடு தேடித் தலைசுற்றிப் போயிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை, அவ்வளவுதான். போன வருஷம் சுங்கை சிப்புட்டில் சந்தைக்குப் போகும் வழியில் வலிப்பு வந்து மோட்டாரோடு விழுந்தாள். இனிமேல் எதையும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊரிலேயே அண்ணன் தனேஸ்வரன் வீட்டில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோயிலுக்கா, கடைக்கா, தோழி வீட்டுக்கா, எதற்கும் அவன் லாரி ஓட்டிவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. இப்போது ஈப்போ பழைய டவுனில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"பாக்குற வீட்டுலேர்ந்து கிளினிக்குக்கு நீயே நடந்து வந்து காட்டு. வந்துட்டா அந்த வீட்ட எடுத்துக்கலாம். இல்லன்னா வேல வேணாம், பேசாம வீட்டோட இரு" என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான்.

முதலில் பார்த்தது ஒரு புதுத் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. வீடு பளபளவென்று இருந்தது. வாசலில் கார் ஷெட், இரண்டு காடி நிறுத்தலாம். மனுஷி நடக்கத்தான் இடமில்லை. தாருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சாண் புல். பெரிய ரோட்டைக் கடக்க நின்றவள் நின்றபடியே அலுத்துப் போய்த் திரும்பினாள்.

அடுத்தது பழைய டவுனிலேயே ஒரு கடையின் மாடி. அங்கே கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருந்தது. வெயிலும் படவில்லை, யாரும் குறுக்கே வரவும் இல்லை. கிளினிக் வரை சுளுவாக நடந்துவிட்டாள். ஆனால் வழியெல்லாம் முகம் தெரியாத கூட்டம். சுவர் ஓவியங்களைப் படம் பிடிக்க வந்த சுற்றுலாக்காரர்கள் அவளைப் பார்க்காமலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். இங்கே விழுந்தால் என்னையும் இப்படித்தான் சுற்றிக்கொண்டு போவார்களோ என்று நினைத்ததும் சுவரை ஒட்டியே நடந்தாள். நடந்து வந்ததை அண்ணனிடம் சொல்லவே இல்லை. கேட்டது கிடைத்தும் ஏன் வேண்டாமென்று தோன்றுகிறது? அவளுக்கே விளங்கவில்லை.

மூன்றாவது, புந்தோங்கில் நல்லம்மாள் என்ற அக்கா வாடகைக்கு விடும் பின்னறை. தெருவெல்லாம் தமிழ் முகம். தினேஸ்வரிக்குப் பிடித்துப்போனது. அண்ணன் கிளினிக் வாசலில் போய் நின்றுகொள்ள, இவள் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். கோயில் முனை தாண்டவில்லை, ஒரு காடி நின்றது. "ஏறும்மா, இந்த வெயில்ல நடக்குற?" என்றார் ஒரு பெரியவர்.

எஸ்டேட்டிலிருந்து வந்த சனத்துக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். நடந்து போகிறவளைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் போனால் சண்டைக்காரன் என்று அர்த்தம். நிறுத்தியும் ஏறாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். ஏறினாள். மறுநாள் ஒரு லாரி நின்றது. அதிலும் ஏறினாள். இரண்டு நாளும் கிளினிக் வாசலில் வண்டியை விட்டு இறங்கியவளைப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டினான்.

"பாத்தியா, உன்னால நடக்க முடியல."

"நடக்க எங்க விட்டாங்க?" என்றாள். தலை கிறுகிறுத்து ஒரே பெனிங்காக இருந்தது அவளுக்கு. நடக்க முடிகிற இடத்தில் பயமாக இருக்கிறது. பயமில்லாத இடத்தில் நடக்க விட மாட்டேன் என்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

ஞாயிற்றுக்கிழமை கடைசித் தடவையாகக் கிளம்பினாள். இன்று யார் கூப்பிட்டாலும் ஏறுவதில்லை என்ற வைராக்கியத்தோடு நடந்தாள். ரயில் பாதையைத் தாண்டியதும் ஒரு வேன் உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஓட்டியவனை அவள் பார்த்ததே இல்லை.

"ஏறு தங்கச்சி. கிளினிக் வாசல்ல உன் அண்ணே நிக்கிறான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் திருதிருவென்று விழித்தான். பெயர் கனகராஜ், அண்ணனோடு லாரி ஓட்டியவன். பொய் சொல்லத் தெரியாத ஆள். "அவன்தான் போன் அடிச்சு ஏத்திக்கச் சொன்னான். எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான்" என்று உளறிவிட்டான்.

தினேஸ்வரி ஏறவில்லை. கோபத்தில் கால் தானாக வேகம் பிடித்தது. கனகராஜ் வேனை ஊர்ந்தபடியே பின்னால் ஓட்டி வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த காடிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டின. அந்த ஊர்வலத்தோடு கிளினிக் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏண்ணே இப்படிச் செஞ்ச?"

அண்ணன் மழுப்பப் பார்த்தான். முடியவில்லை.

"ரோட்டுல வாயெல்லாம் ரத்தமா கெடந்த. நான்தான் தூக்குனேன். மறுபடி தூக்க நான் இங்க இருக்க மாட்டேனே தினா" என்றான். ஆறடி உயர ஆள், நடுத்தெருவில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவளுடைய கோபம் அப்படியே இறங்கிவிட்டது. இவனும் தன்னைப் போலவே பயந்து போய்த்தான் கிடக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. கனகராஜ் வேனை விட்டு இறங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புந்தோங் வீட்டையே எடுத்துக்கிறேண்ணே. யார் யார்கிட்ட சொன்னியோ, எல்லாருக்கும் மறுபடி போன் அடி" என்றாள்.

"அடிச்சு?"

அவள் சொன்னாள். அவன் போனை எடுத்தான். பிறகு முதல் ஆளைக் கூப்பிட்டான்.

"மச்சான், என் தங்கச்சி நாளையிலேர்ந்து அந்தப் பக்கம் நடந்து போவா. நடந்தா நிறுத்தாத, விட்ரு. ஆனா..." என்றவன் போனை அவளிடம் நீட்டினான்.

தினேஸ்வரி போனை வாங்கிக்கொண்டாள். "விழுந்து கெடந்தா மட்டும் நிறுத்துங்கண்ணே" என்றாள்.