லேசான சரக்கு

மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் வெங்கிடராமன், ஆபீசுக்கு ஒரு லாப்டாப் வாங்குவதைக் கப்பல் வாங்குவதுபோல நடத்தினார். தேர்வுக் குழு என்று ஒன்று அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினரும் அவரே. டீக்கு, அதாவது சாயாவுக்கு, ஆள் அனுப்புவதற்காகக் குமாஸ்தா சுபாஷிணியும் கூட்டத்தில் இருந்தாள்.

லாப்டாப்பைச் சுமக்கப்போவது அவள். கப்பல் ஏஜென்டைப் பார்க்கத் தேவராவுக்கும், கன்டெய்னர் விவகாரங்களுக்கு வல்லார்பாடத்துக்கும் பஸ் மாறி மாறிப் பழைய லாப்டாப்பைத் தூக்கியதில் வலது தோள் போய்விட்டது. கை மேலே எழாததால் பின்னலை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டாள். நாகரிகமாக இருக்கிறது என்று ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள்.

எர்ணாகுளத்துக் கடையிலிருந்து அனில் இரண்டு லாப்டாப் கொண்டுவந்திருந்தான். ஒன்று தடி, ஒன்று மெலிசு.

"சாரே, இந்த மெலிசு மிலிட்டரி கிரேடாக்கும். ஆள் உயரத்துலேர்ந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்படியா. போட்டுக் காட்டு."

"வேண்டா சாரே. டெமோ பீஸ்."

வெங்கிடராமன் மெலிசைக் கையில் ஏந்தினார். காதருகே வைத்து ஆட்டினார். முகர்ந்தும் பார்த்தார். ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுத்து, எடை குறைந்தால் உள்ளே பொக்கு, வெறும் தோல் என்று சரக்கைத் திருப்பி அனுப்பியே நரைத்தவர் அவர்.

"உள்ள வல்லதும் உண்டாடா, இல்லை காலியா? பப்படம் மாதிரின்னா இருக்கு."

"மெக்னீஷியம் பாடி சாரே."

"என்ன பாடியோ. கனமே இல்லை. ஒயர் சொருகற துவாரம் எத்தனை?"

"ரெண்டு."

"அதுல ஏழு இருக்கே."

தடியில் இருந்த ஏழில் ஆறு எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏழு ஏழுதான். வைஃபை பரிசோதனையும் நடந்தது. புதிய தலைமுறை வைஃபை என்று அனில் விவரித்துக்கொண்டே நடக்க, பின்னால் வெங்கிடராமனும் நடந்தார். கிடங்கின் சுவரைத் தாண்டியதும் இரண்டிலும் சிக்னல் ஒரே இடத்தில் செத்தது. அதையும் அவர் மெலிசின் குறையாகவே கொண்டார்.

"தடிதான் நல்ல சரக்கு. முடிச்சாச்சு."

சுபாஷிணி தன் சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். வாதாடத் தெம்பில்லை, தோளுக்காக ஒரு வாக்கியம் மட்டும் சொன்னாள்.

"மூட்டையில கல்லைக் கலந்தாலும் எடை கூடத்தான் காட்டும், சார்."

வெங்கிடராமன் நின்றார். தடியை மறுபடி தூக்கினார். யாரோ தன்னை ஏமாற்றப் பார்த்ததுபோல முகம் மாறிற்று.

"ஏண்டா அனில், இதுல எதைப் போட்டு ரொப்பியிருக்கா?"

"பழைய மாடல் சாரே. அதான் கனம்."

"பழைய சரக்கா? எனக்கேவா? எடுத்துண்டு போ. மெலிசை வைச்சுட்டுப் போ."

அன்று சாயங்காலம் சுபாஷிணி மெலிசைப் பையில் போட்டுக்கொண்டு தேவராவுக்குக் கிளம்பினாள். தோளில் பை இருப்பதே தெரியவில்லை. வாசல்வரை அப்படித்தான் இருந்தது.

"சுபாஷிணி, நில்லு. பை லேசாயிடுத்து, இல்லையா?"

"ஆமா, சார்."

"ஏஜென்டுக்கு அனுப்பற மிளகு சாம்பிளையும் இனி நீயே கொண்டுபோயிடு. அதுக்குன்னு ஆட்டோ எதுக்கு? நல்ல செலெக்ஷன், கேட்டியோ. நான் அப்பவே சொன்னேன்."

பொட்டலங்களை அவரே பைக்குள் அடுக்கினார். லாப்டாப்பின் மேலே வைத்து, அமுக்கி, ஜிப்பை இழுத்தார். மிலிட்டரி கிரேடு, ஒன்றும் ஆகாது.

சுபாஷிணி பையை இடது தோளில் மாட்டிக்கொண்டாள். அந்தத் தோள் இன்னும் நன்றாகத்தான் இருந்தது.