மூன்றாவது காயில்

ஆறாவது வளைவில் வேன் இருமிக்கொண்டு நின்றபோது, சுற்றி இருந்த பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். வண்டி, அதை ஓட்டுகிற சோணையுடையது. இஞ்சின் பிளக்கில் பொறி தட்டவைக்கிற காயில் நான் விற்றது. போடியில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் நாலு பிளக்கும் நாலு காயிலும் வாங்கிப்போய் அவனே மாட்டிக்கொண்டான். விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் ஹாரன் அடித்தான்.

"புதுச் சாமான் போட்ட பெறகுதேன் இஞ்சின் விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடிக்குது அண்ணாச்சி. ஏறுங்க, நீங்களே வந்து கேளுங்க."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் மாட்டேன் என்றால் அதுவே வாக்குமூலம். ஏறினேன்.

என் அப்பா ஏலக்காய்த் தரகர். மூட்டையின் மேலே பருங்காயைப் பரப்பி அடியில் பொடிக்காயைத் தள்ளிவிடுவார். கேட்டால், வழியில் குலுங்கியதில் பொடி கீழே போயிருக்கும் என்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். என்னிடம் கம்பெனி காயில் மூன்றுதான் இருந்தது. கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், டெல்லி டூப்ளிகேட் ஒன்றை அதே மாதிரி அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும், விற்றவனுக்குத்தான் தெரியும். மலைக்குப் போகிற டிரைவர்கள் எல்லாரும் என் கடையில்தான் வாங்குகிறார்கள். இந்தப் பன்னிரண்டு வாயும் சாயங்காலம் போடிக்கு இறங்கினால், நாளை முதல் ஒரு போல்ட் வாங்கக்கூட ஆள் வராது.

சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். சோணை முன்சீட்டைத் தூக்கினான். அடியில்தான் இஞ்சின். நாலு காயில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வெளுத்திருந்தது.

"பெரட்டுக் களத்துல ஆள் பேரு எடுத்து முடிச்சிட்டா இன்னிக்கிச் சம்பளம் போச்சு" என்றாள் அந்தப் பெண்களில் மூத்த பெரியம்மாள், யாரிடமும் சொல்லாதவள்போல. "அண்ணாச்சி குடுப்பாகளாக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சோணை இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு காயிலின் வயரையும் பிடுங்கிப் பார்க்கப்போவதாகச் சொன்னான். பிடுங்கியதும் வண்டி தள்ளாடினால் அந்தக் காயில் வேலை செய்கிறது. ஒன்றுமே மாறாவிட்டால் அதுதான் செத்தது. எனக்குத் தெரிந்த சோதனைதான். குற்றவாளியாக நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முதலாவதைப் பிடுங்கினான். வேன் நடுங்கியது. திரும்ப மாட்டினான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கை வைத்தவன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

பிடுங்கினான். வேன் தள்ளாடியது. டூப்ளிகேட் வேலை செய்துகொண்டிருந்தது!

நாலாவதில் ஒரு மாற்றமும் இல்லை. அசல் கம்பெனி சரக்கு. வண்டியை அணைத்துவிட்டு அதை உருவி எடுத்தான். ரப்பர் முனையிலிருந்து மஞ்சளாகச் சொட்டியது.

சோணை அதைப் பிடித்தபடியே நின்றான். புதுச் சாமான் எது வீட்டுக்கு வந்தாலும் அவன் மனைவி அன்னக்கொடி மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் விடமாட்டாள். இன்று வெள்ளென செம்போடு வந்திருக்கிறாள்.

"தெளிக்கச் சொன்னா ஊத்திப்புட்டா. நாந்தேன் சீட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றான்.

பெரியம்மாள் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். தண்ணீர் தேங்கிய பிளக் குழியைத் துடைத்து, காயிலை ஊதிக் காயவைத்து மாட்டியதும் இஞ்சின் சீராக ஓடியது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள்.

"ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீக" என்றான் சோணை. "மச்சான் வண்டிக்கும் மாத்தணும். ஒங்ககிட்டயே அனுப்புறேன்."

மூன்றாவதைப் பற்றிச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடையாது. "விடுப்பா, வெரசா எடு" என்றேன்.

போடிக்கு இறங்கிப்போக எதிரே வண்டி எதுவும் வரவில்லை. இந்தமுறை என்னை மரியாதையாக முன்சீட்டில், இஞ்சினுக்கு நேர் மேலே உட்காரவைத்தார்கள். சூடு தாங்காது என்று பெரியம்மாள் தன் சாக்கை மடித்துப் போட்டாள். பின்னால் பேச்சும் சிரிப்பும் தொடங்கின. அடுத்த வளைவில் சோணை கியரை மாற்றினான். இடது பக்கம் பள்ளத்தில் வெறும் மஞ்சுமூட்டம்தான் தெரிந்தது. சாக்கையும் மீறி ஏறிய சூட்டில் அசையாமல் உட்கார்ந்து, நாலு நாலாக வந்த இஞ்சின் சத்தத்தில் மூன்றாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.