சத்தமாகச் சொன்ன பெயர்

...கிரைம்ஸ் என்று சொல்லிவிட வேண்டும், கிரைம்ஸ், கிரைம்ஸ், ஒரே ஒரு பெயர்தானே, அதற்கு ஏன் இப்படி நாக்கு வறள்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு லெமுவேல் வரிசையில் ஓரடி நகர்ந்தான், நிலம் வைத்திருந்தவனுக்கே என்றிருந்த வாக்குரிமை வர்ஜீனியாவில் இந்த வருஷம்தான் காணி நிலமில்லாதவனுக்கும் வந்திருக்கிறது, வெள்ளைத்தோல் இருந்தால் போதுமாம், ஐம்பத்திரண்டு வயதில் முதல் வாக்கு, அதுவும் நீதிமன்ற வாசலில், நூறு காது கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் கர்னல் வின்ஸ்டன், அந்தப் பக்கம் வக்கீல் கிரைம்ஸ், போட்டி இவர்கள் இருவருக்கும்தான், யார் பெயர் விழுகிறதோ அவர் எழுந்து தொப்பியைக் கழற்றி நன்றி சொல்வார், அதுதான் வழக்கம்... கர்னலின் நிலத்தில்தான் இவன் குடிசை, நாளைக்கே காலி பண்ணு என்றால்? பண்ணட்டுமே, அங்கே யார் இருக்கிறார்கள்? ஜனவரியில் பெண்டாட்டி தபித்தா செத்துப்போனபிறகு பேச்சுத்துணைக்கு அடுப்பைத் தவிர என்ன உண்டு, செய்து வைத்த பீப்பாய்களை எடுக்க வருகிறவன்கூட ஏய் என்றுதான் கூப்பிடுகிறான். கிரைம்ஸ் மட்டும் போன மாதம் குடிசைக்கே வந்து, கையைப் பிடித்து, "நீங்களும் நானும் சமம், லெமுவேல்" என்றாரே, பெயரைச் சொன்னாரே... அடச்சீ, இதற்காகவா இத்தனை தூரம் நடந்து வந்தேன்?

"லெமுவேல் டாக்கெட்!" ஷெரீப்பின் குரல் தெருக்கோடிவரை போனது, அட, என் பெயர். "உன் வாக்கு யாருக்குய்யா? நாக்கு உள்ள போயிருச்சா?" பின்னால் ஒரே சிரிப்பு. கிரைம்ஸ், என்றான். கிரைம்ஸ் எழுந்தார், தொப்பி கழன்றது, "ரொம்ப நன்றி... நண்பரே," கண் அதற்குள் அடுத்தவனிடம் போய்விட்டது, அவ்வளவுதானா, குடிசைக்கு வந்ததே ஞாபகமில்லையா? கர்னல்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "தபித்தாவுக்குக் குழி வெட்ட ஆள் அனுப்புனேனேப்பா, லெமுவேல்... சரி, போ."

அனுப்பினார்தான், இல்லையென்று சொல்ல முடியுமா, அந்த ஆள்தானே அதோ வேலியோரம் கர்னலின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவருடைய அடிமை. பனியில் இறுகிய மண்ணை இருவரும் மாற்றி மாற்றிக் கடப்பாரையால் குத்தினோம், வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை, மூடி முடித்ததும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா நல்லவங்கய்யா, என் புள்ளைக்குக் காய்ச்சல்னதும் கஞ்சி குடுத்தனுப்புனாங்க" என்று அழுதவன் அவன் ஒருவன்தான். லெமுவேலின் கால்கள் தாமாக வேலிப்பக்கம் போயின.

"உங்க பேரு இங்கவரைக்கும் கேட்டுச்சு, லெமுவேல் ஐயா" என்றான் அவன், சிரிக்காமல். லெமுவேல் பதில் சொல்லப் பெயரைத் தேடினான், தேடினான்... அன்று காலை முழுக்கப் பக்கத்தில் நின்றவன், பெயரைக் கேட்கவே தோன்றவில்லையே, இப்போது கேட்டால்தான் என்ன? குதிரை தலையைச் சிலுப்பியது. கிரைம்ஸ் என்று சொல்ல வந்த தைரியம் இதற்கு வரவில்லை.