இளவரசியின் தழும்புகள்

ஸ்பெயினில், மத்ரீத் அரண்மனையில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் இளவரசி எல்விராதான். எனக்கு ஊர் இத்தாலி, வயது பதினேழு, வேலை படம் வரைவது. பெண் என்று ஓவியர்கள் என்னைச் சேர்க்கவில்லை. கையில் சாயக்கறை என்று தோழிப் பெண்களும் சேர்க்கவில்லை.

எல்விராவைப் பெண் கேட்ட வெளிநாட்டு அரசருக்கு அனுப்ப அவள் படத்தை வரையச் சொன்னார்கள். அவள் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதை மறைத்து வரைவதுதான் இங்கே வழக்கம்.

"அடியே லவீனியா, ஒரு குழியக்கூட விடாத. பாத்ததும் அந்தாளு தலைதெறிக்க ஓடணும்."

"ராஜாவுக்குத் தெரிஞ்சா என் கைய ஒடிச்சிடுவாரு, இளவரசி."

"நான் போயிட்டா உன்கூட யாருடி பேசுவா? சுவரா?"

அதைக் கேட்டபின் எல்லாத் தழும்பையும் வரைந்துவிட்டேன்.

இன்று அந்த அரசரின் தூதர் வந்தார். படத்தை எல்விராவின் முகத்தருகே பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"போன அரண்மனையில எல்லாம் வழவழன்னு பொய்ப் படந்தான் காட்டுனாங்க," என்று சிரித்தார். "பொண்ணு மூஞ்சியிலயே பொய் சொல்லாதவங்க ஒப்பந்தத்துலயா சொல்லப் போறாங்க? முடிச்சிடலாம், மகாராஜா."

எங்கள் அரசருக்கு ஒரே மகிழ்ச்சி. என் பக்கம் திரும்பினார். "இனி நீ எங்கயும் போக வேண்டாம்மா. காலம் பூரா இங்கயேதான்," என்றார்.

எல்விரா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிட்டடி," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

விளக்கை அணைக்கவே பயமாக இருக்கிறது. அறை இப்போதே இவ்வளவு அமைதி. அவள் இன்னும் கிளம்பக்கூட இல்லை.