இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள்

அமிர்தலிங்கம் ஆறு வாரம் வாய் ஓயாமல் பேசினார். சிரம்பான் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. 1991-இல் கோலாலம்பூரிலிருந்து வந்த இளம் எஞ்சினியர் திருநாவுக்கரசு கேட்டான். மின்சாரம் போதாவிட்டால் முதலில் எந்த லைனை வெட்டுவீர்கள், எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள், ஏன்? பதில்களை இருநூற்றுப் பன்னிரண்டு விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டருக்குள் போட்டான். இனி அதுவே அவரைப்போல் யோசித்து முடிவெடுக்குமாம். செயற்கை அறிவு என்று பெயர் வேறு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தன் மூளை பெட்டிக்குள் போகிறதென்று வீட்டில் பீற்றிக்கொண்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதலில் வெட்டுவது ரப்பர் தோட்டங்களுக்குக் கரண்டு போகும் லைன்களைத்தான். லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவரே அந்த விதியையும் சொன்னார். அங்கே ரப்பர் ஸ்டோரில், ரப்பரைத் தகடாக அழுத்தும் ரோலர் மெஷினை ஓட்டுபவள் அவருடைய தங்கை நீலாவதி.

சோதனை நாளன்று காலை பத்தரைக்கு மின்நிலையத்தில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் தோட்டத்து லைனை வெட்டியது. அவரும் அதைத்தான் செய்திருப்பார். பார்க்க வந்த அதிகாரிகள் தலையாட்டினார்கள். பதினோரு நிமிஷம் கழித்து, இன்னும் ஒரு நிமிஷத்தில் கரண்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகத் திரையில் எழுத்து வந்தது.

அமிர்தலிங்கத்தின் கை பழக்கத்தில் டெலிபோனுக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது. கரண்டு கொடுக்கும் முன் அவர் எப்போதும் தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடிப்பார். அங்கே கணக்கெழுதும் கிராணி ஸ்டோருக்குப் போய்ச் சொல்வார். அதுவரை பெண்கள் நின்ற ரோலரில் சிக்கிய ரப்பரைக் கையால் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். ரோலர் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை, போன் வருமென்ற தைரியம். ஆறு வாரப் பேச்சில் இதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொந்த ஜனத்துக்குச் சொல்லி அனுப்புவதை அவர் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

"தம்பி, நிறுத்துங்க. ஸ்டோர்ல கைய உள்ள விட்டிருப்பாங்க."

"இப்ப தொடக்கூடாது லா, அங்கிள். பெரிய ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

கம்ப்யூட்டரைத் தடுக்கும் சுவிட்ச் மூன்றடி தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷம் மேலிடத்துக்கு அடங்கியே பழகிய உடம்பு அந்தப் பக்கம் நகரவில்லை. போனைத்தான் சுழற்றினார். கிராணி தங்கராஜு எடுத்தார்.

"கிராணி, கரண்டு வரப்போவுது. ஓடிப்போய்ச் சொல்லுங்க."

"இப்பதான போச்சு, அதுக்குள்ளயா? இருங்க, சொல்லிட்டு வரேன்."

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைவதற்குள் திரையில் பச்சை வந்துவிட்டது. அதிகாரிகள் திருநாவுக்கரசுக்குக் கை கொடுத்தார்கள். அமிர்தலிங்கத்தின் காதில் ரோலர் ஓடும் இரைச்சலும் அதற்கு மேலே பெண்கள் அலறுவதும் விழுந்தன.

நீலாவதிக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயின.

மறுநாள் திருநாவுக்கரசு முகம் செத்துப்போய் நோட்டைத் திறந்தான். "அந்தப் போன் விஷயத்தையும் சொல்லுங்க, அங்கிள். சேத்துடலாம்." சேர்ப்பதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நீலாவதிதான் அவரைத் தேற்றினாள்.

"நீ ஏண்ணே அழுவுற? மெஷினுக்கு என்னா தெரியும். உன் கையில இருந்திருந்தா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன் என்றார் அமிர்தலிங்கம். அவள் அதை நம்பினாள்.